சூடேறிய மெஷினும் சூடுபடும் தொழிலாளியும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தோட்டத்திலே வேலை தடைப்படும் போதெல்லாம் தொழிலாளியின் முகத்திலே வீசப்படும் பழமொழி இது. ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்து விட்டால் என் செய்வது? அளவுகோலை எடுத்துக் கூடத்தை ஒரு தடவையேனும் அளந்து பாராமல், ஆடுகிறவள் மீதே பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்? புல்வெட்டும் மெஷின் விஷயத்தில் நமது தோட்டங்கள் பலவற்றில் நடந்து வருவது இதுவேயாகும்.

காலையில் பிரட்டு முடிந்து வெளிக்காட்டு வேலைக்குப் போகும் தோழர் மெஷின் கயிற்றை இழுக்கிறார். இரண்டு மூன்று இழுப்பில் அது கிளம்பி விடுகிறது. பத்து மணி வரை ஒரு குறையுமில்லை. பெட்ரோல் தீர்ந்ததும் நிறுத்துகிறார். மறுபடி ஊற்றிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கயிற்றை இழுக்கிறார். மெஷின் வாய் திறப்பதில்லை. இருபது இழுப்பு, முப்பது இழுப்பு. தோள்பட்டை கழன்று போகிறது. அரை மணி நேரம் கழித்து மண்டோர் வந்து சேருகிறார். அதற்குள் மெஷின் ஆறிப் போயிருக்கிறது. மண்டோர் ஒரு இழுப்பு இழுக்கிறார், உடனே கிளம்புகிறது! அத்தோடு விசாரணை முடிந்தது. மெஷின் நல்லது, ஆள்தான் சோம்பேறி என்பது தீர்ப்பு. செக்ரோலிலே அரை நாள் விழுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது. சூட்டிலே கிளம்பாமல் ஆறிய பின் கிளம்புவது மெஷினுக்கு வரும் தனி நோய். அதற்குக் காரணங்கள் உண்டு; காரணங்களைக் கண்டுபிடிக்க வழிகளும் உண்டு. அவற்றை நாம் தெரிந்து வைத்திருந்தால் மெஷினும் பிழைக்கும், கூலியும் பிழைக்கும். ஆகவேதான் இவ்வாரம் சம்பளப் பேச்சு வார்த்தையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கார்புரேட்டரைப் பற்றி எழுத முன்வந்தோம்.

பால்வெட்டுத் தோழர்கள் இது தமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று பக்கத்தைத் திருப்பி விட வேண்டாம். நிரையில் புல் மண்டிக் கிடந்தால் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவே விடியற்காலையில் நடப்பவர் பால்வெட்டுகிறவரே. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் பருவத்தில், சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிக்கும் மெஷினும் இதே இனம்தான். அந்தப் பருவத்திலே மரங்கள் மொட்டையாக நிற்பதால் ஒண்டுவதற்கு நிழலும் கிடையாது. பாலைச் சுமந்து நிலுவைக் கொட்டகைக்குப் போகும் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளிலும் கார்புரேட்டர்தான் இருக்கிறது.

சூட்டில் நடப்பது என்ன?

பெட்ரோலைப் பொடித்துளியாக்கிக் காற்றிலே கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் சமையற்காரன் கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு மிகவும் பிசகினால் மெஷின் கிளம்பாது. பெட்ரோல் என்பதும் ஒரே பொருளன்று. 35, 40 டிகிரிச் சூட்டிலேயே ஆவியாகப் பறக்கும் இலேசான பகுதியும், 200 டிகிரியை நெருங்கினால்தான் கொதிக்கும் கனமான பகுதியும் அதிலே கலந்திருக்கின்றன. நம் நாட்டு வெயிலே அந்த இலேசான பகுதிக்குப் போதுமானது என்றால், சைலன்சர் பக்கத்துச் சூட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மெஷின் ஓடும் வரை உள்ளே சுழலும் விசிறி காற்றடித்துக் கொண்டிருக்கும். டாங்கியிலிருந்து புதுப் பெட்ரோல் வந்து கார்புரேட்டரைக் குளிர வைத்துக் கொண்டும் இருக்கும். மெஷினை நிறுத்திய நிமிடத்தில் இரண்டும் நின்று விடுகின்றன. ஆனால் சிலிண்டரின் சூடு நிற்பதில்லை. அது மெல்லக் கார்புரேட்டருக்குள் ஏறுகிறது. ஆகவே நிறுத்திய பின் சில நிமிடங்களுக்குக் கார்புரேட்டர் முன்னை விட அதிகமாகச் சுடும். தண்ணீர் குடிக்கப் போன ஐந்து பத்து நிமிடத்தில் மெஷின் மக்கர் செய்வதன் இரகசியம் இதுவே.

சூட்டினால் வரும் கேடு இரண்டு வகை. ஒன்று பட்டினி, மற்றொன்று அஜீரணம். முதுகிலும் தோளிலும் மாட்டும் மெஷின்களில் பெட்ரோலை மெல்லிய சவ்வு ஒன்று துடித்துத் துடித்து இழுத்துத் தருகிறது. குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழாய் நின்றுவிட்டால் சவ்வு குமிழையே இழுத்துக் கொண்டிருக்கும்; பெட்ரோல் வந்து சேராது. இது பட்டினி. தண்ணீர் பம்பு போன்றவற்றில் மிதவையுள்ள கிண்ணம் இருக்கும். அந்தக் கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் பொங்கித் தொண்டைக்குள் வழிந்தால் மெஷின் நனைந்து திணறும். இது அஜீரணம். பட்டினிக்கு உணவு தர வேண்டும். அஜீரணத்துக்கு உணவை நிறுத்த வேண்டும். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் நோயாளி பிழைப்பது எப்படி?

பிளக்கே சாட்சி

இதைக் கண்டறிய டாக்டர் வேண்டியதில்லை. மெஷின் மறுக்கும் அதே நேரத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும். (சூடாயிருக்கும், கையுறை அவசியம்.) பிளக் உலர்ந்திருந்தால் பட்டினி, நனைந்து பெட்ரோல் வாடை வீசினால் அஜீரணம்.

உலர்ந்திருந்தால், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள இரப்பர்க் குமிழை ஏழெட்டுத் தடவை நிதானமாக அழுத்த வேண்டும். ஆவி டாங்கிக்குத் திரும்பி, குளிர்ந்த பெட்ரோல் வந்து சேரும். குமிழுக்குள் நுரை போய்த் தெளிந்த பெட்ரோல் தெரிந்ததும், சோக்கைப் போடாமல், ஆக்சிலேட்டரைப் பாதி திறந்து இழுத்தால் பெரும்பாலும் கிளம்பும். நனைந்திருந்தால் பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டி, சோக்கை முற்றிலும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து இழுக்க வேண்டும். உள்ளே தேங்கியது வெளியேறியதும் மெஷின் புகையோடு கிளம்பும். உடனே ஆக்சிலேட்டரைத் தளர்த்தி விட வேண்டும்.

சூடான மெஷினுக்குச் சோக்குப் போடுவதுதான் நமது காடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. காலையில் சோக்கால் கிளம்பியது என்பதற்காகப் பத்து மணிக்கும் சோக்கைத் தேடுகிறோம். இதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம் ஆங்கிலத்திலே அச்சிடப்பட்டு ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது. மெஷினைச் சுமப்பவரோ தமிழர், இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அவர்கள் மொழியிலே ஒரு வார்த்தை சொல்லாமல் மெஷினை மட்டும் தோளில் ஏற்றிவிட்டு, தெரியவில்லையே என்று கடிந்து கொள்வது அழகாகாது.

கார்புரேட்டர் மட்டுமா குற்றவாளி?

தொழிலாளிக்கு அடுத்தபடியாகப் பழி சுமப்பது கார்புரேட்டர். மெஷின் நின்றதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு அதன் திருகுகளை வலமும் இடமும் திருப்புவோர் அநேகர். பிணியறியாமல் திருகைத் தொட்டால் ஒரு குறை இரண்டாகும். முதலில் மற்றச் சாட்சிகளை விசாரிப்போம்.

முதலாவது, டாங்கி மூடி. பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே போவதற்கு அதிலே சிறு துவாரம் உண்டு. புழுதியும் எண்ணெயும் அதை அடைத்தால் டாங்கி பெட்ரோலைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மெஷின் இருபது நிமிடம் ஓடி நிற்கும். சற்று நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். பார்ப்பவர் சூட்டுக் கோளாறு என்பர். மெஷின் ஆறிய பின் மூடியை மெல்லத் தளர்த்தும்போது உள்ளே காற்று உறிஞ்சும் ஓசை கேட்டால் குற்றவாளி அகப்பட்டான்.

இரண்டாவது, மின்பொறி தரும் காயில். சூட்டில் உள்கம்பி விட்டுப் போய், ஆறியதும் சேர்ந்து கொள்ளும் காயில்கள் உண்டு. இதைக் காலையில் சோதித்துப் பயனில்லை. சுடச்சுட நின்ற அந்த நேரத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் பொறியில்லை, ஆறினால் பொறியுண்டு என்றால் காயிலை மாற்றுவதே வழி. கார்புரேட்டரை ஆயிரம் தடவை கழுவினாலும் பொறி வராது. பொறி சோதிக்கும்போது கொட்டிய பெட்ரோலும் பிளக் துவாரமும் அருகில் இருக்கலாகாது.

மூன்றாவது, அமுக்கம். தேய்ந்த ரிங்கும் கீறல் விழுந்த சிலிண்டரும் குளிரில் ஒருவாறு சமாளிக்கும். சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போனதும் கைவிடும். கயிற்றை இழுக்கும்போது வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் இலகுவாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பம்பு போன்ற நான்கடி இயந்திரங்களில் வால்வு இடைவெளி குறைந்து போயிருந்தாலும், சூட்டில் வால்வு நீண்டு முழுக்க மூடாமல் நின்றுவிடும். மயிரிழை இடைவெளிதான், பலவற்றில் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. அந்த மயிரிழைக்காக ஒரு மனிதனின் அரை நாள் கூலி போகிறது.

நான்காவது, சூட்டைத் தடுக்கும் துண்டு. சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே சூடு கடத்தாத கட்டை ஒன்று இருக்கும். அது வெடித்தாலும், அவசர ரிப்பேரில் அதை விட்டுவிட்டு மாட்டினாலும் சிலிண்டரின் சூடு நேராகக் கார்புரேட்டருக்குள் போகும். வெடிப்பு வழியே காற்று கசிந்தால் கலவையும் கெடும்.

ஐந்தாவது, அழுக்கு. சிலிண்டர் விலா இடுக்குகளில் புல்லும் சேறும் அடைத்தால் காற்று பட வழியில்லை. சைலன்சர் வலையில் கரி அடைத்தால் புகை போக வழியில்லை. சூடு எங்கே போகும்?

ஆறாவது, பெட்ரோல். மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த பெட்ரோலில் இலேசான பகுதி பறந்து போய் மெஷின் கிளம்பச் சிரமப்படும். ஈரடி இயந்திரத்துக்கு எண்ணெய்க் கலவையும் முக்கியம். ஒரு லீட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்று சில மெஷின்களும், 40 மில்லி என்று சில மெஷின்களும் கேட்கும். அந்தந்த மெஷினுக்குரிய அளவை டின்னில் எழுதி ஒட்டாமல் கண்ணளவிலே கலக்கச் சொல்லும் ஸ்டோர், ரிங் தேய்ந்ததற்குத் தொழிலாளியைக் கேட்பதில் பொருளில்லை.

இத்தனை சாட்சிகளையும் விசாரித்த பின் கார்புரேட்டரைத் திறக்கலாம். சவ்வு விறைத்துப் போயிருக்கிறதா, சல்லடை அடைத்திருக்கிறதா, ஊசி சரியாக மூடுகிறதா என்று பார்த்து, பழுதானதை மாற்றுவதே முறை.

எச்சரிக்கை ஒன்று. சூடான மெஷினில் டாங்கி மூடியை வெடுக்கென்று திறக்கலாகாது. உள்ளே ஆவி அழுத்தம் சேர்ந்திருந்தால் பெட்ரோல் பீறிட்டுச் சைலன்சர் மேல் விழும். உடையும் உடம்பும் தீப்பிடிக்கும். நிறுத்தி, நிழலில் வைத்து, பத்து நிமிடமேனும் ஆற விட்டே பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஊற்றும் இடத்தில் சிகரெட் ஆகாது. ஊற்றிய இடத்தை விட்டு மூன்று மீட்டராவது தள்ளிப் போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மண்டோர் விரட்டும் தோட்டத்தில் இந்தப் பத்து நிமிடம் கிடைக்குமா? இங்கேதான் இயந்திரப் பிரச்சினை தொழிற்சங்கப் பிரச்சினையாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இயந்திரங்களைப் பத்திரமான நிலையில் வைத்துப் பராமரிக்கும் கடமையையும், தேவையான பயிற்சியும் விளக்கமும் தரும் கடமையையும் முதலாளியின் தலையிலே வைத்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்த காரணங்களுக்கன்றி வேறு எதற்காகவும் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாகாது என்கிறது. மெஷின் சூட்டில் கிளம்பவில்லை என்பது அந்தக் காரணங்களில் ஒன்றன்று. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளம், துண்டுக் கணக்கில் வேலை செய்வோருக்கும் பொருந்தும்.

நிர்வாகத் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கலாம். "மெஷினைத் தூக்கி எறிகிறார்கள், காற்று வடிகட்டியைத் தட்டுவதில்லை, கலவையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை" என்பார்கள். அப்படிப்பட்டவர் சிலர் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. தினமும் வேலை முடிந்ததும் வடிகட்டியைச் சுத்தம் செய்வதும், நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் மெதுவாக ஓட விட்டுச் சூட்டைத் தணிப்பதும், வெயிலில் போடாமல் நிழலில் வைப்பதும் நமது கடமை. கடமையைச் செய்தவன் உரிமையைக் கேட்கும்போது குரல் தடுமாறாது.

ஆனால் சிலர் அசட்டையாக இருப்பதால் அனைவருக்கும் அரை நாள் என்பது கணக்காகாது. யார் அசட்டை, எது பழுது என்று பிரித்துப் பார்க்க வழி வேண்டும். அந்த வழி விலை உயர்ந்ததன்று. இரண்டு வெள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று.

மெஷினுக்கு ஒரு புத்தகம்

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண், ஒரு புத்தகம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் ஓடிய பின் நின்றது, பிளக் உலர்ந்திருந்ததா நனைந்திருந்ததா, பொறி வந்ததா, ஆறிய பின் கிளம்பியதா, என்ன மாற்றப்பட்டது என்று ஆறு ஏழு வரி எழுதினால் போதும். ஒரே ஆள் கையில் எல்லா மெஷினும் நின்றால் அவருக்குப் பயிற்சி தேவை. யார் கையிலும் ஒரே மெஷின் நின்றால் அந்த மெஷினுக்கு வைத்தியம் தேவை. பின் வாக்குவாதம் எதற்கு?

இந்த இடத்தில் கிராணிமார்களாகிய நமக்கும் பெரும் பங்குண்டு. செக்ரோலில் அரை நாள் என்று எழுதும் பேனா நம் கையிலேதான் இருக்கிறது. மெஷின் நின்ற காரணத்தை எழுதும் புத்தகத்தையும் அதே பேனாவால் எழுதலாம். அலமாரியிலே தூங்கும் விளக்கப் புத்தகத்தை எடுத்து, வாரத்துக்கு ஒரு பக்கம் தமிழிலும் மலாயிலும் பிரட்டு நேரத்தில் படித்துச் சொல்லலாம். படித்தவன் படிக்காதவனுக்குச் சொல்லாவிட்டால் படிப்பு யாருக்கு?

சங்கக் கிளைகள் நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் ஐந்து. மெஷின் ஆறுவதற்கும் பெட்ரோல் ஊற்றுவதற்கும் ஆகும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பத்து மெஷின்கள் ஓடும் இடத்தில் கைமாற்றாக ஒரு மெஷினாவது ஸ்டோரில் தயாராக இருக்க வேண்டும். பிளக், வடிகட்டி, சவ்வு, காயில், டாங்கி மூடி ஆகியவை கையிருப்பில் இருக்க வேண்டும். இவற்றை மாற்றத் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். மெஷின் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் அறிந்த மொழியிலே பயிற்சி தரப்பட வேண்டும்.

இவை ஒன்றும் வானத்து நிலவைக் கேட்பதல்ல. ஒரு காயிலை மாற்றாமல் பல நாள் வேலையை இழப்பது நிர்வாகத்துக்கும் நட்டமே. அந்த நட்டத்தைத் தொழிலாளியின் தோளிலே இறக்கி வைக்கலாம் என்ற வசதி இருக்கும் வரை, அதை யாரும் கணக்குப் பார்க்கப் போவதில்லை. அந்த வசதியை எடுத்துவிட்டால் கணக்கு தானாகப் பிறக்கும். மெஷினும் தானாகப் பழுது பார்க்கப்படும்.

தோழர்களே! வியர்வை சிந்துவது நமது தொழில். வீண் பழி சுமப்பது நமது தொழிலன்று. மெஷின் நின்றால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பார்த்ததைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வாய்ப்பேச்சை மறுக்கலாம், எழுதி வைத்த கணக்கை எளிதில் மறுக்க முடியாது.